விடிந்தால் ஒரு கீறல்

கார்களுக்கு ஒயரிங் வேலை பார்க்கும் அவளைத் தெருவே ‘ஃபியூஸ் அக்கா’ என்றுதான் கூப்பிடும். கோபம் பொசுக்கென்று வந்துவிடும். ராத்திரி தெரு வளைவில் நிறுத்தும் தன் காரில், திரும்பும் வண்டிகள் உரசி, விடிந்தால் ஒரு புதுக் கீறல் என்று அவள் தம்பி மூக்கால் அழுதபோதும் வந்தது. அந்தக் காரின் பக்கவாட்டு விளக்குகள் இண்டிகேட்டர் போட்டால் மட்டுமே மினுக்கும்.

“நிக்கிற வண்டி வர்றவன் கண்ணுக்குத் தெரிய வேணாமா? இதையும் ஒருத்தன் யோசிச்சு செஞ்சிருக்கான் பாரு!” என்று முகம் தெரியாத எவனையோ திட்டித் தீர்த்தபடியே, ராத்திரி நிறுத்திவிட்டு பார்க்கிங் லைட் போட்டால் அவையும் சேர்ந்து எரியும்படி ஒயரை மாற்றிக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் தம்பி தாம்தூம் என்று குதித்துக்கொண்டு வந்தான்.

“என்னக்கா வேலை பார்த்த? ராத்திரி பூரா லைட் எரிஞ்சு பேட்டரியே செத்துப்போச்சு!”

“கீறல் விழுதுன்னு வந்து நின்னவன் நீதானேடா? இப்ப லைட் எரிஞ்சதும் குத்தமா?”

சார்ஜ் ஏற்றிய பேட்டரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வளைவுக்குப் போனாள். பேட்டரியைத் தரையில் வைத்துவிட்டு, அவன் கையைப் பிடித்துக் கதவருகே இழுத்தாள்.

“பேட்டரிய நான் பார்த்துக்கறேன். நீ இன்னைக்குக் கீறல் எங்கன்னு காட்டு.”

அவன் கதவை முழுக்கத் தடவிப் பார்த்தான். எல்லாம் பழைய கீறல்கள்.

“இப்ப வாயத் தொறக்கறானா பாரு!” என்றாள்.