ஏழாம் அறையில் அப்பா

இங்கே யாரும் கைதட்டுவதில்லை. ஒருவர் வேலை பிடித்துப்போனால் விரல் முட்டியால் மேசையைத் தட்டுகிறார்கள். ஹனோவர் வந்த புதிதில் அந்தச் சத்தம் கேட்டால் யாரோ கதவைத் தட்டுவதாக நினைத்து வாசலைப் பார்ப்பேன். போன மாதம் எனக்காகவே மேசையைத் தட்டினார்கள். நான் பதறிப்போய் எழுந்து நின்றேன்.

ஒரு முதியோர் இல்லத்துக்காக ஜாவாவில் மென்பொருள் செய்கிறோம். பின்னால் டேட்டாபேஸ், முன்னால் ஆட்கள் பார்த்து அழுத்தும் திரை. அந்தத் திரை என் பொறுப்பு. ஆள் இருக்கும் அறை நீலக் கட்டம், காலி அறை பச்சைக் கட்டம். சோதனைக்கு மற்றவர்கள் வாத்து, எலி என்று வாய்க்கு வந்த பெயரைப் போடுவார்கள். நான் எங்கள் தெருவையே குடிவைத்தேன். புது வீடு கட்டினால் சொந்தக்காரர்களைத்தானே முதலில் கூப்பிடுவோம்? ஏழாம் அறையில் சுடலைமுத்து, என் அப்பா. கல்லிடைக்குறிச்சியில் வயல்வேலை செய்து, கைநாட்டு வைத்தே காலம் கழித்து, என்னைக் கல்லூரிக்கு அனுப்பியவர். அவர் பெயர் திரையில் ஒளிர்வதைப் பார்க்க எனக்கு ஆசை.

இல்லத்தாருக்குத் திரையைக் காட்டவேண்டிய அதே காலையில், பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் அழைப்புக்காகக் கைப்பேசியை மடியில் வைத்திருந்தேன். இல்லத்தின் மேலாளர் உர்சுலா மவுஸை வாங்கி, நேராக ஏழாம் அறைக்குப் போனார். 'இறந்தார்' என்ற பொத்தானின் மேல் அம்புக்குறி நின்றது.

"அவர் வேண்டாம். வேறு யாரையாவது..." என்றேன்.

"ஏன், இந்த அறையில் ஏதும் கோளாறா?"

"இல்லை, அது என் அப்பா."

நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துச் சிரித்துக்கொண்டே அழுத்திவிட்டார். 'உறுதியாகவா?' என்று கேட்கும் பெட்டி ஒன்றை வைத்திருந்தேன். நேரம் வீண் என்று இல்லத்தார்தான் எடுக்கச் சொன்னார்கள். நீலம் சட்டென்று பச்சையானது. "ஃப்ரை" என்றார் உர்சுலா. காலி என்று பொருள். எல்லோரும் மேசையைத் தட்டினார்கள்.

எங்கள் பக்கம் ஒருவர் இறந்தால் பதினாறு கழியும்வரை அவர் படுத்த கட்டிலைக்கூட நகர்த்தமாட்டோம். இங்கே அடுத்தவர் பெட்டியோடு காத்திருக்கிறார். அதிலும் நியாயம் உண்டு. ஆனாலும் கைப்பேசியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். தாழ்வாரத்துக்கு ஓடி அம்மாவை அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. மத்தியானம் அவளே கூப்பிட்டாள்.

"வச்சாச்சுலே. ஒங்கப்பா நல்லாருக்காவ. நீ ஏம்லே அழுத?"

நடந்ததைச் சொன்னேன்.

"கோட்டிப்பயலே! உசுரோட இருக்க மனுசன் பேர அங்கன கொண்டுபோயா போடுவ?"

பின்னாலிருந்து அப்பாவின் குரல் பைய வந்தது. "அவ கெடக்கா. எனக்கு அங்கன ரூமாலே போட்டிருந்த? மறுபடி போட்டு வையி. வந்தா தங்கணும்லா."

இருக்கைக்குத் திரும்பி அப்பாவைப் புதிதாகப் பதிந்தேன். ஏழாம் கட்டம் நீலமாவதற்கு முன் ஒரு கேள்வி பாக்கி இருந்தது: ஏதாவது ஆனால் உடனே வந்து சேரக்கூடிய உறவினர் யார், எந்த ஊர்? என் பெயரை அடித்தேன். ஊருக்கு ஹனோவர் என்று அடித்து அழித்தேன். கல்லிடைக்குறிச்சி என்று அடித்து, அதையும் அழித்தேன். ஊரை வெறுமையாக விட்டால் பதிவாகாதபடி நிரல் எழுதியவன் நான்தான். என் பெயருக்குப் பக்கத்தில் கோடு ஒன்று மினுங்கிக்கொண்டே இருந்தது.