நான்கு எருமைப் பரணி

மட்டக்களப்பு வாவிக் கரையில் என்னிடம் வாழ்த்துப்பா வாங்காமல் ஓய்வுபெற்ற அதிகாரிகள் குறைவு. ஓட்டமாவடியில் நெல் ஆலை திறந்தாலும் சரி, வந்தாறுமூலையில் யாராவது பேராசிரியர் ஆனாலும் சரி, எனக்கு ஆள் வரும். ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியாருக்கு வேறென்ன வேலை? பெயரை மாற்றினால் போதும். இமயமும் கடலும் கற்பகதருவும் என்னிடம் எப்போதும் இருப்பில் உண்டு. கண்ணாடிச் சட்டம் போட்டு, பொன்னாடையோடு கொடுத்தால் வாங்குகிறவர் முகம் பூத்துவிடும். பொய் என்று இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. பொய் குறைந்துவிட்டது என்று கோபித்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே எங்கள் ஊர் மீனவர் சங்கத் தலைவர் ஒருநாள் காலை வந்து, இராணுவ அதிகாரி ஒருவருக்கு வாழ்த்துப்பா வேண்டும் என்றபோது நான் ஆச்சரியப்படவில்லை. காரணத்தைக் கேட்டபிறகுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். யுத்த காலத்தில் எங்கள் தோணித்துறை முகாமுக்குள் போனது. யுத்தம் முடிந்தது, முகாமும் சுருங்கி ஒரு காவற்கொட்டிலாயிற்று, முள்ளுக்கம்பி மட்டும் அப்படியே நிற்கிறது. தோணிக்காரர்கள் கண்டல் காட்டைச் சுற்றிப் போய், தொடையளவு சேற்றில் இறங்கி, மீனைத் தலையில் சுமந்து வருகிறார்கள். அதற்குள் இறாலின் தலை கறுத்துவிடும். காத்தான்குடி வியாபாரி ஒரு பார்வை பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பிவிடுவார். தலைவர் எழுதாத மனு இல்லை. எறும்பூரக் கல்லும் தேயும் என்பார்கள்; அரசாங்கக் கந்தோர்க் கல் வேறு சாதி.

இப்போது அந்தக் கம்பியை எடுக்க அதிகாரமுள்ளவரே ஊருக்கு வருகிறாராம். மார்பில் இரண்டு வரிசைப் பதக்கம். அதோடு, இளம் வயதில் எங்கள் முகாமுக்குப் பொறுப்பாக இருந்தவர்.

"சேர், மனுசன் உருகிப்போற மாதிரி எழுதுங்க. மறுகா நாங்க துறையக் கேக்கிறம்" என்றார் தலைவர்.

வடக்கில் அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. பதக்கங்களைச் சும்மா கொடுத்திருக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் செய்தது ஊருக்கே தெரியும். ஒரு மாசிப் பனியில், விடிந்தும் விடியாமலும், வாவிக்குள் ஏதோ அசைந்தது. பதுங்குகுழிக்குள் இருந்தபடியே சுடச் சொல்லிக் கத்தினார். ஒரு மணித்தியாலம் சுட்டார்கள். நான் கட்டிலுக்குக் கீழே கிடந்து, தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன். பனி விலகியபோது தண்ணீரில் நான்கு எருமைகள் செத்துக் கிடந்தன. நல்ல கறவை எருமைகள். சொந்தக்காரர் தலையில் கைவைத்தபடி ஓடிவந்தார். அதிகாரிக்கு அப்போது இருபத்திரண்டு வயதிருக்கும். மூன்று குச்சி கிழித்தும் அவருடைய சிகரெட் பற்றவில்லை. கடைசியில் எருமைக்காரர்தான் நெருப்புக்குச்சியை வாங்கிப் பற்றவைத்துக் கொடுத்தார். எதிரியின் நகர்வு முறியடிக்கப்பட்டதாக மேலிடத்துக்கு அறிக்கை போனது என்று பிறகு கேள்விப்பட்டோம்.

போரில் ஆயிரம் யானைகளை வீழ்த்தியவனுக்கே பரணி பாடலாம் என்பது இலக்கணம். எங்களவருடையது நான்கு எருமை. இலக்கணத்தைப் பார்த்தால் துறை வருமா? நான்கு எருமையையும் நானூறு பகைவராக்கினேன். அதிகாரியைப் பதுங்குகுழியிலிருந்து இழுத்தெடுத்து, மார்பளவு வெள்ளத்தில், படைக்கு முன்னால் நிறுத்தினேன். அந்த இடத்தில் வாவி முழங்காலுக்கு மேல் வராது என்பதைப் பாட்டு தாங்கிக்கொண்டது. எழுதி முடித்தபோது எனக்கே புல்லரித்தது.

விழா பாடசாலை மண்டபத்தில் நடந்தது. மாலை, பொன்னாடை, பாண்ட் வாத்தியம், எதிலும் குறையில்லை. நான் ராகத்தோடு படிக்க, ஏறாவூர் இளம் உத்தியோகத்தர் ஒருவர் சிங்களத்தில் சொன்னார். தன் பங்குக்கு அவரும் நூறு பகைவரைச் சேர்த்தாராம். அதிகாரி முதலில் நெற்றியைச் சுருக்கினார். பிறகு மெல்ல நிமிர்ந்தார். முடிந்ததும் எழுந்து, இது உண்மையாக இந்தத் துறையில்தான் நடந்ததா, பார்த்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். நான் பாட்டுத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். முன்வரிசையில் எழுந்து நின்றவர் எருமைக்காரர்.

"ஓம் சேர். நான் கரையில நிண்டு பாத்தனான்."

அவரைத் தொடர்ந்து ஊரே தலையாட்டியது. அன்று பிறக்காதவர்கள்கூட ஆட்டினார்கள். அதிகாரியின் கண் கலங்கிவிட்டது. அந்த மனிதர் எங்களை ஏமாற்றவில்லை. எங்கள் வார்த்தையை நம்பினார். எருமைக்காரரைக் கட்டிப்பிடித்து, இந்த இடத்தை நான் மறக்க மாட்டேன் என்றார். துறை கிடைத்துவிட்டது என்று நாங்கள் வடையை ஆளுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டோம்.

இரண்டு கிழமையில் சிப்பாய்கள் வந்து, கண்டவர்களின் வாக்குமூலத்தை எழுதி எடுத்தார்கள். காணி விடுவிப்புக்குத்தான் என்று நாங்கள் போட்டி போட்டுக் கையெழுத்து வைத்தோம். அடுத்த மாதம் லொறியில் சீமெந்து வந்தது. முள்ளுக்கம்பியை உண்மையாகவே பிடுங்கினார்கள். அது நின்ற இடத்தில் மதில் எழுப்பி, நடுவில் கருங்கல் நட்டார்கள். கல்லில் மூன்று மொழியிலும் வெற்றி வரலாறு. தமிழில் உள்ளவை என் வரிகள். மதில் தோணி கட்டும் இடம்வரை போகிறது. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும்.

தலைவர் புதிதாக ஒரு மனு போட்டார். இந்த முறை பதில் உடனே வந்தது. இடத்தின் பெருமைக்குக் கிராம மக்களே சாட்சி சொல்லியிருப்பதால் விடுவிக்க இயலாது என்றிருந்தது. எங்கள் கையெழுத்துகளின் பிரதி பின்னால் கோர்த்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவரும் எருமைக்காரரும் என் வீட்டுக்கு வந்தார்கள்.

"சேர், இன்னொண்டு எழுதவேணும். நாங்க எல்லாரும் பொய் சொன்னம், அங்க செத்தது நாலு எருமை எண்டு எழுதுங்க" என்றார் தலைவர்.

எழுதினேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. இமயமும் கடலும் இல்லாமல் நான் எழுதிய முதல் எழுத்து அதுதான். தலைவர் கையெழுத்து வைத்தார். எருமைக்காரர் தாளை உயர்த்திப் பிடித்து முழுவதும் வாசித்துவிட்டு, எருமைகள் ஒவ்வொன்றின் நிறத்தையும் ஓரத்தில் எழுதி, தானும் வைத்தார். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார். எனக்குப் பயமாக இருந்தது. நான் மீனவர் சங்கத்தில் இல்லையே என்று சொல்லி, பேனாவை மூடிவைத்தேன்.