வைரவரைக் கழுவிய நாள்

மாமாவின் மலை என்றுதான் எங்கள் வீட்டில் சொல்லுவோம். அது யாருடையது என்ற கேள்வி எழாத காலம் அது. கிரானிலிருந்து மேற்கே வயல் வட்டைகளெல்லாம் முடிந்து, காடு தொடங்கி, மோட்டார் சைக்கிளும் இனி முடியாது என்று நின்றுவிட்ட பிறகும் வெகுதூரம் நடக்க வேண்டும். சிறுபோக நெல் விதைத்துவிட்டால் வயல் பக்கம் மாடுகள் தலைகாட்டக் கூடாது. ஆகவே மாமா தன் மாடுகளை அங்கே ஓட்டிப்போய், அறுவடை முடியும்வரை மலையடியில் வாடிக் குடிசை போட்டு இருப்பார். ஆவணி வெயிலில் காட்டுக் குளங்கள் எல்லாம் வெடித்துப்போகும். மலையில் ஒரு பாறைச் சுனை மட்டும் வற்றாது. அந்தச் சுனை இல்லையென்றால் மாடில்லை, மாடில்லையென்றால் மாமா வீட்டில் சோறில்லை.

சுனைக்குப் பக்கத்தில்தான் அந்தப் பழைய மடம் இருந்தது. மடம் என்பது மாமாவின் சொல். நான் கண்டதெல்லாம் பற்றைப் புதர் மூடிய ஒரு செங்கல் மேடு, நின்றும் சாய்ந்தும் கிடந்த கல் தூண்கள், அரைவட்டமாகச் செதுக்கிய ஒரு படிக்கல். புத்த சாமிமார் இருந்து தவம் செய்த இடம் என்பார் மாமா. எப்போது என்று கேட்டால் “முந்தி” என்பார். எத்தனை நூற்றாண்டானாலும் அவருக்கு அந்த ஒரு சொல் போதும். மேட்டில் மாடு ஏறவிடமாட்டார். அங்கே போனால் செருப்பைக் கழற்றுவார். புதையல் தோண்ட வந்தவர்களை நாயோடும் கம்போடும் துரத்திய கதையை அடிக்கடி சொல்லுவார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் வந்தவர்களின் தொகை கூடிக்கொண்டே போகும்.

அந்தத் தூண்களில் பாதி புதைந்து நின்ற ஒன்றுதான் எங்கள் வைரவர். மாமாவின் தகப்பனும் அவருடைய தகப்பனும் எண்ணெய் வைத்து, விளக்கேற்றி, அந்தக் கல் கரிச்சட்டியைப் போலக் கறுத்திருந்தது. பசு கன்று போட்டால் முதலில் கறக்கிற பால் வைரவருக்குத்தான். பிறகுதான் வீட்டுக்கு வரும்.

நான் பள்ளி விடுமுறைக்கு மாமியோடு வாடியில் போய் நின்ற ஓர் ஆவணியில், மலையைப் பார்க்க ஒரு பிக்குவும் கொழும்பிலிருந்து இரண்டு தொல்பொருள் அதிகாரிகளும் வருகிறார்கள், வழி காட்ட ஆள் வேண்டும் என்று கிராமசேவகர் சொல்லி அனுப்பினார். மாமாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. படித்தவர்கள் வந்து பார்த்தால் புதையல்காரரின் தொல்லை ஒழியும் என்பது அவர் கணக்கு. சுனைக்குப் போகும் பாதையைக் கத்தியெடுத்துத் தானே வெட்டி அகலமாக்கினார். மேட்டின் பற்றைகளை அரிந்தார். கடைசியாக வைரவருக்கு முன்னால் வந்து நின்று தலையைச் சொறிந்தார். சூலத்தையும் விளக்கையும் மணியையும் கழற்றி ஒரு சாக்கில் போட்டுக் கட்டினார். கல்லைக் கழுவும் வேலையை என்னிடம் விட்டார்.

“சாமியக் கழுவிறதுக்குச் சவுக்காரமா? இது நம்மட வைரவர். ஏன் ஒளிக்கிறீங்க?” என்றாள் மாமி.

“ஒளிக்கல்லகா. அவங்கட பெரிய ஆக்கள் இருந்த இடத்தில நாம எண்ணெயப் பூசி வச்சிருக்கம் எண்டு மனம் நோவாங்க. நம்மளத் தேடி வாறவங்களை நோக வைக்கப்படாது. போனதும் மறுகா வைப்பம்.”

எனக்கு அந்த வேலை நன்றாகப் பிடித்தது. சாம்பல், பழப்புளி, சவுக்காரக் கட்டி, தென்னந்தும்பு எல்லாவற்றையும் வைத்து, நகம் நோகும்வரை தேய்த்தேன். கறுப்புக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு கல் வந்தது. அதில் பூப்போல ஏதோ செதுக்கல்கூட இருந்தது. வைரவருக்குள் பூ இருந்ததை நான்தான் கண்டுபிடித்தேன் என்று இரண்டு நாள் பெருமையடித்துத் திரிந்தேன்.

வந்தவர்கள் நல்ல மனிதர்கள். பிக்கு வயதானவர். அரைவட்டப் படிக்கல்லைக் கண்டதும் அப்படியே முழங்காலில் இருந்துவிட்டார். அவர் கண் கலங்கியதைப் பார்த்து மாமாவும் கலங்கினார். மாமி கொடுத்த சட்டித் தயிரைப் பிக்கு இரண்டு தரம் கேட்டு வாங்கி உண்டார். இளைய அதிகாரி தமிழ் பேசினார். என்னைத் தூணோடு நிற்கவைத்துப் படமும் எடுத்தார். எடுத்துவிட்டு மாமாவிடம், “இங்க ஆராவது வந்து கும்பிடுறதா? பழைய வழக்கம் ஏதும் இருக்கா?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். மாமாவின் கை என் தோளில் இறுகியது.

“இல்ல ஐயா. நாங்க மாடு பாக்கிற ஆக்கள்தானே” என்றார்.

அவர்கள் போனதும் சூலம் பழைய இடத்துக்கு வந்தது. விளக்கும் எரிந்தது. ஆனால் எண்ணெய் ஒரு நாளில் கறுக்காது.

அடுத்த சிறுபோகத்துக்கு மாமா மாடுகளை ஓட்டிப்போனபோது, அவர் வெட்டிய பாதையின் வாயிலிலேயே கம்பிவேலி நின்றது. மாடு போகக் கூடாது என்று பலகையும் இருந்தது. வேலி சுனையையும் உள்ளே எடுத்திருந்தது. சுனைக்கு மட்டும் ஒரு வழி விடுங்கள், பரம்பரையாக வைரவருக்குப் பால் வைத்துக் கும்பிட்டு வருகிறோம் என்று கேட்க, மாமா நல்ல வேட்டி கட்டிக்கொண்டு அதிகாரிகளைத் தேடிப் போனார்.

பின்னேரம் திரும்பி வந்தவர் வேட்டியைக்கூட மாற்றாமல் முற்றத்தில் இருந்தார். நானும் அன்று அங்கே நின்றேன். அதே தமிழ் பேசிய தம்பிதான் இருந்தாராம். மரியாதையாகக் கதிரை போட்டு இருத்தினாராம். பிறகு அந்தப் படத்தை எடுத்துக் காட்டி, “இதில ஒரு சொட்டு எண்ணெயும் இல்லையே ஐயா. நீங்களும் அண்டைக்கு இல்லையெண்டுதானே சொன்னீங்க?” என்று கேட்டாராம்.

“மறுகா நீங்க என்ன சொன்னீங்க?” என்று மாமி கேட்டாள்.

“என்னத்தைச் சொல்ல?”

எனக்கு வேறு அவசரம். எத்தனை மாதமாக நான் காத்திருந்த படம் அது! “அதில நானும் நிக்கிறனா மாமா?” என்று அவர் மடியைப் பிடித்து உலுக்கினேன்.

மாமா என் இரண்டு கையையும் எடுத்து விரித்துப் பார்த்தார். “ஓம் புள்ள, சிரிச்சிக்கொண்டு நிக்கிறாய். கல்லும் நல்ல துப்பரவா இருக்கு. ஒரு ஊத்தை இல்ல.”

நான் துள்ளிக் குதித்தேன். கேட்டீங்களா மாமி என்று கத்தினேன். மாமி எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். என்னைப் புகழ்ந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன்.