சோலைமுத்துவின் குண்டெழுத்து

1979 ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை, கழுகுமலை ரோட்டில் தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊரார் சொல்லும் தொழிற்சாலையின் சுவரில் காவி மண்ணைக் கரைத்து யாரோ எழுதியிருந்தார்கள்: ‘கூலி கூட்டிக் கொடு.’ எழுதியவர் பெயர் இல்லை. கோவில்பட்டிக்குப் பெயர் தேவையும் இல்லை. தடித்து, முனையே இல்லாமல் உருண்டிருந்த எழுத்து. லேபிளும் போர்டும் எழுதக் கடை வைத்திருந்த சோலைமுத்துவின் எழுத்து.

தீப்பெட்டி லேபிளுக்காக அவர் கண்டுபிடித்தது அது. இரண்டு விரல் அகலத் தாளில், மட்டமான மையில், மெல்லிய கோடு அறுந்துபோகும். கூர்முனையில் மை அப்பும். அதனால் கோட்டைத் தடிப்பாக்கினார், முனைகளை மழுக்கினார். பிறகு ஜவுளிக்கடை, தியேட்டர், பஸ் நெற்றி எல்லாம் அதுதான். ஓடுகிற பஸ்ஸிலிருந்தும் படிக்கலாம். ஒருமுறை இரங்கல் போஸ்டருக்குப் போட்டார். செத்தவர் சிரிக்கிற மாதிரி இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

யாருக்கும் அவர் கற்றுத்தரவில்லை. “என் எழுத்தை இன்னொருத்தன் போட்டுருவானா?” என்று டீக்கடை தோறும் கேட்டவர்.

ஆபீஸ் முதலாளி அழகிரிசாமி அதையே திருப்பிக் கேட்டார்.

“ஒன் எழுத்தை எவனும் போட முடியாதுன்னு நீதானலே சொன்ன? கூலி கேக்குததுகூட இளிச்சுக்கிட்டுல்லா கேக்குது!”

“சத்தியமா நான் இல்ல, முதலாளி.”

லேபிள் வேலை நின்றது. மற்ற ஆபீஸ்காரர்களும் கூப்பிடுவதை விட்டார்கள்.

அந்த வாரம் அதே ஆபீஸில் லேபிள் ஒட்டும் பெத்தம்மாள் அவர் கடைக்கு வந்தாள்.

“அண்ணாச்சி, எழுதுனது நாந்தான். ஒங்க பொழப்பு போயிட்டுன்னாவ. மனசு கேக்கல.”

“ஒனக்கு யாருட்டி எழுதச் சொல்லித்தந்தா?”

“பள்ளிக்கூடம் போகல. ஒம்பது வருசமா ஒட்டுதேன்லா. கூஜா லேபிள்ல ‘கூ’, கொக்கு லேபிள்ல ‘கொ’. எழுத்துன்னாலே இப்படித்தான் குண்டா இருக்கும்னு நெனச்சேன்.” கிளம்பும்போது சொன்னாள்: “முதலாளிட்ட சொல்லிராதீய. மூணு பிள்ளையள வச்சிருக்கேன்.”

தலையாட்டினார். இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் ஆபீஸுக்குப் போய்ப் பெயரைச் சொன்னார்.

அழகிரிசாமி நம்பவில்லை. பெத்தம்மாளை வரவழைத்துச் சாக்பீஸைக் கொடுத்தார். அவள் சோலைமுத்துவைப் பார்க்காமல், தரையில் குனிந்து ‘கூலி’ என்று எழுதினாள். வளைவு, தடிப்பு, எதிலும் குறையில்லை. தன் எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார் சோலைமுத்து.

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார்.

“லேபிள் ஒட்டுத பொம்பளைக்கே வருதே! இதுக்கு ஒனக்கு எதுக்குலே தனியாக் காசு?”

பெத்தம்மாளை அன்றே நிறுத்தினார்கள். புது லேபிள்களுக்குப் பழைய லேபிள்களிலிருந்து எழுத்தை வெட்டி ஒட்டிக்கொள்ளும்படி அச்சகத்துக்குச் சொல்லியனுப்பினார் அழகிரிசாமி. சோலைமுத்து விளாத்திகுளத்தில் மிளகாய் மண்டிக்குப் போனார். அங்கே தகரத்தில் யாரோ வெட்டிவைத்த எழுத்தைச் சாக்கின்மேல் வைத்து மை தடவுவது அவர் வேலை.