பெரட்டுக்கு வந்த தெலுங்கு

தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டுகிற வேலையில் ஒரு உண்மை உண்டு: வருகிறவர்கள் தேயிலையைப் பற்றி மட்டும் கேட்கவே மாட்டார்கள். கழிப்பறை எங்கே, சிறுத்தை வருமா, உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்பார்கள். நாலு பேர் முன்னால் வாய் திறந்தாலே குரல் எழும்பாத ஆளாக நீங்களும் இருந்தால், மொழியியல் படித்துவிட்டு மலைநாட்டில் தலவாக்கலைப் பக்கம் இந்த வேலைக்கு வந்த என் நிலைமை உங்களுக்குப் புரியும்.

உருளையோடு போட்டி

கொழுந்தை உருட்டுகிற உருளை இயந்திரம் கடகடவென்று சுற்றும். அதன் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்வதுதான் என் வேலை. இயந்திரம் ஜெயிக்கும், நான் தோற்பேன். எங்கள் சூப்பவைசர் ஐயா ஒருநாள் கூப்பிட்டு, மாதம் முடிவதற்குள் என் சத்தம் கேட்காவிட்டால் பெட்டி ஒட்டுகிற அறைக்கு மாற்றிவிடுவதாகச் சொன்னார். அங்கே ஒரு வெளியாளும் வரமாட்டார். பத்து ஊர்ப் பேச்சைக் காதால் கேட்கலாம் என்ற ஒரே ஆசையில்தான், என் கூச்சத்தையும் மீறி இந்த வேலையில் சேர்ந்திருந்தேன்.

அவர் சொல்லி முடித்த அன்றைக்கே சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நான் முழு விளக்கமும் சொல்லி முடித்தேன். அந்த வீட்டு அம்மா, சூப்பவைசர் ஐயா காதில் விழும்படி கணவரிடம் சொன்னார்: "இந்தப் பொண்ணு நம்மகிட்டப் பேசலைங்க, மெஷின்கிட்ட ஏதோ ரகசியம் சொல்லுது."

அக்கா யார்?

கடல் தாண்டி வந்து சீதை கோயிலைப் பார்க்கப் போகிற தெலுங்குக்காரர்கள் வழியில் எங்களிடம் தேநீர் குடிக்க இறங்குவார்கள். அப்படி ஒரு பஸ் வந்தபோது, அவர்களில் ஒரு அம்மாள் வாசலில் நின்று தலை எண்ணினார்: "ஒகடி, ரெண்டு, மூடு, நாலுகு..."

கோப்பைகளில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பாக்கியம் அக்காவின் கை அப்படியே நின்றது. முன்பு மலையில் கொழுந்து பறித்தவர். கால் வலியால் தொழிற்சாலைக்கு மாறியிருந்தார். "புள்ள, நம்மள மாதிரியே எண்ணுறாங்களே! அப்ப தெலுங்கு நம்ம தமிழ் பெத்த புள்ளதானே?" என்றார். பிள்ளை இல்லை, சகோதரி என்றேன். இரண்டுக்கும் தாய் ஒன்று. அந்தத் தாயின் பேச்சைக் கேட்டவர் இன்று யாருமில்லை, பிள்ளைகளின் சாயலை வைத்துத்தான் அறிஞர்கள் அவளை ஊகிக்கிறார்கள் என்று மெதுவாக விளக்கினேன். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "சரி, கூடப் பொறந்தவங்கன்னே வச்சுக்குவோம். ஆனா மூத்தவ நாமதான், அத மட்டும் மாத்தாத."

தலையை ஆட்டியிருக்கலாம்

அந்தக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். சென்னையில் பல வருடம் இருந்தவர், தமிழ் நன்றாக வரும். தேநீர் ருசி பார்க்கிற அறையில், தெலுங்கு சமஸ்கிருதத்தின் நேர் வாரிசு என்று தன் ஆட்களுக்கு ஒரு பாடமே நடத்தினார். புஸ்தகம், சூர்யுடு, ஆகாசம் என்று அடுக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ படிச்ச பொண்ணு. சரிதானே?"

வாசலில் சூப்பவைசர் ஐயா. விருந்தாளி சொன்னால் ஆமாம் போடுவது எங்கள் வேலையின் முதல் பாடம். ஆனால் வாய் முந்திக்கொண்டது. "இல்லைங்க ஐயா." தேநீர் ஊற்ற வந்திருந்த அக்கா கெட்டிலைக் கீழே வைத்தார். நான் என் கண்ணைத் தொட்டுக் காட்டி, தெலுங்கில் இதற்கு என்ன என்றேன். "கன்னு" என்றார் அவர். மூக்கைத் தொட்டேன். "முக்கு." காதைத் தொட்டேன். "செவி." காலைக் காட்டினேன். "காலு." வீட்டுக்கு "இல்லு", தண்ணீருக்கு "நீள்ளு". இதில் சமஸ்கிருதம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். மனிதர் அசரவில்லை. "கண்ணு மூக்கெல்லாம் இருக்கட்டும்மா. நான் மேடையில வாயைத் தொறந்தா பாதி சமஸ்கிருதம்தான் வருது, அதுக்கு என்ன சொல்றே?"

பெரட்டு

நியாயமான கேள்வி. பதில் என் பக்கத்திலேயே நின்றது. "அக்கா, மலையில வேலை செஞ்சப்ப காலையில என்ன செய்வீங்க, சொல்லுங்க" என்றேன்.

"என்ன செய்வோம், விடிஞ்சதும் லயத்துல இருந்து பெரட்டுக்கு ஓடுவோம். கண்டாக்கையா வேலை பிரிப்பாரு. லேட்டானா தொரை ஜீப்புல வந்து ஏசுவாரு."

ஆள் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டு என்பது பரேட், வரிசை வீடுகளான லயம் என்பது லைன், மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு என்பது கண்டக்டர், அப்புறம் லேட்டு, ஜீப்பு, இத்தனையும் வெள்ளைக்காரன் தந்த சொல் என்றேன். "அதுக்காக அக்கா பேசினது இங்கிலீஷா, ஐயா? ஓடுவோம், பிரிப்பாரு, ஏசுவாருன்னு எலும்பெல்லாம் தமிழ்தானே? தோட்டத்தை நடத்தினவன் சொல் தோட்டத்துக்குள்ள வந்தது. அதே மாதிரி கோயில், அரண்மனை, காவியம், சாஸ்திரம் வழியா சமஸ்கிருதம் தெலுங்குக்குள்ள வந்தது. தெலுங்கு அதை வாங்கி அழகா உடுத்திக்கிட்டது. எவ்வளவு வாங்கினாலும் பெத்தவ மாறமாட்டா."

அவர் மீசையைத் தடவினார். பிறகு தன் ஆட்கள் பக்கம் திரும்பி, பெரட்டு, லயம், கண்டாக்கு எல்லாவற்றையும் தெலுங்கில் முழங்கினார், அப்போதுதான் தனக்கே தோன்றியது போல. கூட்டம் கைதட்டியது. தலை எண்ணிய அம்மாள், "சால பாகுந்தி!" என்று பாராட்டிக்கொண்டே வந்து என் கன்னத்தைக் கிள்ளினார். பஸ் ஏறும்போது தலைமையாசிரியர் ஜன்னல் வழியாகச் சொன்னார்: "ஊர்ல போய் இதை நானே கண்டுபிடிச்சதாத்தான் சொல்லுவேன், கோவிச்சுக்காதேம்மா."

பெட்டி அறை

பஸ் வளைவில் மறைந்ததும் சூப்பவைசர் ஐயா கூப்பிட்டார். விருந்தாளியை எதிர்த்துப் பேசியதற்கு என்ன வருமோ என்று தயங்கித் தயங்கிப் போனேன். அப்போதுதான் கவனித்தேன், பக்கத்து அறையில் உருளை அவ்வளவு நேரமும் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அதையும் தாண்டித்தான் என் பேச்சு அத்தனை பேருக்கும் கேட்டிருக்கிறது. ஐயா காதைக் குடைந்துகொண்டே சொன்னார்: "ஒன்னைய பெட்டி அறைக்கு அனுப்ப முடியாது புள்ள, அங்க உள்ளவங்க காது என்னாகுறது?"

தெலுங்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு பஸ் ஆட்களுக்கும் புரியவைத்துவிட்டேன், என் குரல் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் எந்த மொழியியலாலும் இதுவரை சொல்ல முடியவில்லை.