கஸ்தூரிக்கு ஐந்து பிரஷர்

போன வாரம் பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். ஓர் ஆளைத் தேடி.

என் வேலைதான் உங்களுக்குத் தெரியுமே — புள்ளிவிவரம். திருத்தணியைச் சுற்றியுள்ள ஊர்களில், அதே ஆட்களுக்கு வருஷா வருஷம் பிரஷர் பார்த்து எழுதுகிறோம். போகப் போக சிலர் வராமல் நின்றுவிடுவார்கள். அட்டவணையில் அவர்கள் கட்டம் காலியாகக் கிடக்கும். கஸ்தூரியின் கட்டம் மூன்று வருஷமாகக் காலி.

நிரப்ப வழி இருக்கிறது. வயது, எடை, பழைய அளவுகள், அவரைப் போன்ற மற்றவர்கள்... எல்லாவற்றையும் வைத்து கம்ப்யூட்டர் ஊகிக்கும். ஒன்றல்ல, ஐந்து ஊகங்கள். ஒன்றே ஒன்று சொன்னால், நிச்சயமாகத் தெரிந்த மாதிரி ஆகிவிடுமே!

ஆனால் உடம்பு முடியாமல்தான் வரவில்லை என்றால்? ஐந்துமே தப்பாகலாம். அதனால் காரணம் கேட்க நேரில் போக வேண்டும்.

கஸ்தூரியின் கணவர் முனிரத்தினம் வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார்.

“அவ இல்லீங்க மேடம். மூணு வருசம் முன்னாடி ஒரு சண்ட. கோவத்துல ‘போ’ன்னுட்டேன். பூட்டா. நகரியில அவங்க அம்மா வூடு, பெங்களூரு... எல்லாம் தேடிட்டேன். போலீஸ்லயும் எழுதிக் குடுத்தேன். இன்னிக்கும் பஸ்ஸு நிக்கற சத்தம் கேட்டா எட்டிப் பாத்துகினு கீறேன்.”

தெரியாமல், கம்ப்யூட்டர் ஊகிக்கும் கதையை உளறிவிட்டேன்.

களைக்கொத்தைக் கீழே வைத்தார்.

“அப்ப உங்க கம்ப்யூட்டர்ல அவ இப்ப எப்டி கீறா?”

“அது வெறும் ஊகம்தாங்க...”

“பரவால்ல, சொல்லுங்க.”

லேப்டாப்பைத் திறந்து ஐந்தையும் படித்தேன். நூற்று இருபத்தெட்டு, நூற்று நாற்பத்திரண்டு... கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நூத்தி இருவத்தெட்டுன்னா நல்லா கீறான்னு அர்த்தமா?”

“ஆமாங்க.”

“அதையே வச்சிக்கோங்க மேடம்.”

பிடித்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். ஆனாலும் தலையாட்டினேன்.

படிவத்தில் கடைசிக் கேள்வி பாக்கி. வராத காரணம்: இடம் மாறினார், மறுத்தார், இறந்தார், தெரியவில்லை. மூன்றாவதை மட்டும் விட்டுவிட்டுப் படித்துக் காட்டினேன்.

களைக்கொத்தை மறுபடி கையில் எடுத்தார்.

“‘வருவா’ன்னு எழுதிக்கோங்க.”

‘தெரியவில்லை’யில் டிக் அடித்தேன். பக்கத்திலேயே பேனாவால் ‘வருவார்’ என்றும் எழுதினேன்.

அதைப் படிக்கத் தெரிந்த சாப்ட்வேர் இன்னும் வரவில்லை.