பொன்முடிக்கு அந்தப் பக்கத்துப் போலீஸ்காரர்

இதை எழுத எனக்கு ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். ஒரு தடவை மகளின் பழைய நோட்டில் நாலு பக்கம் வரை போய், வெட்கம் தாங்காமல் அடுப்பில் வைத்தேன். சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்லாததற்கும் அதே வெட்கம்தான் காரணம். கர்த்தர் எங்களுக்குச் செய்ததைச் சொல்லப் போனால் நான் சொன்ன பொய்யையும் சொல்ல வேண்டும், எங்கள் வீட்டுச் சாராயக் கதையையும் சொல்ல வேண்டும். இப்போது என் வீட்டுக்காரரே, "எழுது, நான் சொன்னேன்னு சொல்லியே எழுது" என்று சொல்லிவிட்டார். நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நாகர்கோவில் பக்கம். அவர் பிறந்தது பொன்முடி மலைத் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில். கல்யாணமானது முதல் திருவனந்தபுரம் பக்கம் கழக்கூட்டத்தில்தான் இருக்கிறோம். அவருக்கு டைல்ஸ் ஒட்டுகிற வேலை. இங்கே புதிதாக எழும்பிய எத்தனையோ பிளாட்டுகளின் தரை அவர் கை பட்டது. இருபத்தைந்து வருஷம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வலது கால் முட்டு தேய்ந்துபோய், ஆபரேஷன் செய்து, மூன்று மாதம் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

சும்மா இருந்து பழகாத மனுஷன். அதனால் மகள் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் டிவியில் ஒரு இங்கிலீஷ் தொடர் போட்டுக் காட்டுவாள். அமெரிக்காவில் அப்பலாச்சியா என்று ஒரு மலை நாடாம். நிலக்கரி வெட்டுகிற ஏழை ஜனங்கள். காட்டுக்குள்ளே கள்ளச்சாராயம், அடிதடி. அங்கே பிறந்து, பட்டணத்தில் வேலை பார்த்துவிட்டு, திரும்ப அந்த மலைக்கே அனுப்பப்பட்ட ஒரு போலீஸ் அதிகாரியின் கதை. இவருக்கு இங்கிலீஷ் தெரியாது. மகள் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ரிமோட்டை அமுக்கி நிறுத்தி, கதை சொல்லிவிட்டு மறுபடி ஓட்டுவாள். இவர் எந்த வீட்டைக் காட்டினாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பார். "பலகைத் தரை. ஈரம் ஏறியிருக்கு பாரு" என்பார்.

எனக்கு அந்தச் சத்தமே பிடிக்காது. விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டுக்குள்ளே துப்பாக்கிச் சத்தமா என்று டிவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பீன்ஸ் நறுக்குவேன்.

ஒரு நாள் மகள் சொன்னாள், "அப்பா, இது அவனோட அப்பன் வீடு. அந்த ஆளுதான் இங்க சாராயம் கடத்துற கூட்டத்துல பெரிய ஆளு. அப்பனும் மோனும் மிண்டவே மாட்டாங்க, பேச்சே கிடையாது." நான் திரும்பிப் பார்த்தேன். அந்த அதிகாரி தகப்பனுடைய வீட்டு கேட்டில் கையை வைத்தபடி நிற்கிறார். உள்ளே போகவில்லை. திரும்பிக் காரில் ஏறிவிட்டார்.

"நிறுத்து" என்றார் என் வீட்டுக்காரர். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வெளியே போய், துணி காயப் போடுகிற இடத்தில் நின்றார்.

மகளுக்குக் காரணம் தெரியாது. எனக்குத் தெரியும். மகளுக்கு ஒன்றரை வயதாக இருக்கும்போது கிறிஸ்மஸுக்குப் பொன்முடிக்குப் போயிருந்தோம். என் மாமனார் லயத்துக்குப் பின்னால் காட்டோரம் பானை வைத்துச் சாராயம் வடிப்பவர். அன்றைக்குப் பார்த்து கலால் ஆபீசர்கள் வந்துவிட்டார்கள். "ஆருடைய பானை?" என்று கேட்டபோது மாமனார் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற மகனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பதினொரு நாள் உள்ளே இருந்தார். ஒரு சொட்டு குடித்தறியாத மனுஷன். வெளியே வந்தவர் நேரே கழக்கூட்டம் வந்துவிட்டார். அதோடு இருபது வருஷம் தகப்பன் முகம் பார்க்கவில்லை.

அந்தத் தொடர் ஓடிய நாட்களில்தான் லயத்திலிருந்து நாத்தனார் போன் பண்ணினாள். "அப்பா படுத்த படுக்கை, அண்ணி. அண்ணனத்தான் கேக்காரு. ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போகச் சொல்லுங்க. அதிக நாளு இருக்க மாட்டாரு." நான் அவரிடம் சொன்னேன். "எனக்கு அப்பன் இல்ல" என்றார். இரண்டாவது தடவை சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த வயதானவர் மகனைப் பார்க்காமலே கண்ணை மூடிவிட்டால், அதற்குப் பிறகு இவர் எப்படிச் சமாதானமாய் இருப்பார் என்பதே என் பயம்.

எங்கள் சபைப் பெண்கள் வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டு ஜெபத்துக்குக் கூடுவோம். பத்துப் பேர் இருப்போம். செயலாளர் அக்கா ஓய்வுபெற்ற நர்ஸ். ஒவ்வொருவர் விண்ணப்பத்தையும் நோட்டில் எழுதுவார். பெயர் சொல்ல விருப்பமில்லாவிட்டால் வேண்டாம். ஆனால் எழுதிவிட்டால் லேசில் விட மாட்டார். ஆஸ்பத்திரியில் சார்ட் பார்க்கிற மாதிரி வாரா வாரம் அந்த நோட்டைப் பிரித்து, "இது எப்படி உண்டு?" என்று கேட்பார். பதில் வந்தால்தான் கோடு போட்டு அடிப்பார்.

அந்த வியாழக்கிழமை என் முறை வந்தது. எங்கள் வீட்டு விஷயத்தைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மகளுக்கு வரன் பார்க்கிற சமயம். சாராயம், ஜெயில் என்று சொன்னால் பேச்சு நாலு வீடு தாண்டும். என் நாக்கு என்னை அறியாமல் இப்படிச் சொல்லிவிட்டது:

"ஒரு போலீஸ்காரர் அக்கா. மலைப் பக்கம். தகப்பன் தப்புத் தொழில் செய்றவரு. ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல. அவரு தகப்பன் வீட்டுப் படி ஏறணும்."

அவ்வளவுதான். பத்துப் பெண்களும் முழங்காலில் நின்றுவிட்டார்கள். நானும் அழுதேன். அந்த அழுகை மட்டும் பொய் இல்லை.

அடுத்த வாரம் நோட்டு திறந்தது. "போலீஸ்காரர் எப்படி உண்டு?" ஒன்றுமில்லை என்று சொன்னால் விண்ணப்பத்தை விட்டுவிடுவார்களோ என்று பயம். "கேட் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டாரு அக்கா" என்றேன்.

"வந்தாரா? அதுவே பெரிய காரியம்லா" என்று எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு என் பாடு கேட்க வேண்டாம். டிவிக்கு முதுகு காட்டியவள், வியாழக்கிழமை பதில் சொல்வதற்காகக் கண் எடுக்காமல் பார்க்க ஆரம்பித்தேன். "அம்மைக்கு இப்ப இதுதான் பைபிள்" என்று மகள் கேலி செய்தாள். சுருக்கென்று தைத்தது. ஆனாலும் பார்த்தேன். மூன்றாவது வாரம் அந்த அதிகாரிக்குத் தோளில் குண்டு பட்டுவிட்டது. அதையும் போய்ச் சொன்னேன்.

"எப்பம்?"

"செவ்வாக்கிழமை."

"பேப்பர்ல ஒண்ணும் காணலியே. எந்த ஸ்டேஷன்?"

"பொன்முடிக்கு அந்தப் பக்கம்."

"பொன்முடிக்கு அந்தப் பக்கம் காடுல்லா கெடக்கு" என்றாள் ஒருத்தி. "அப்பம் தமிழ்நாட்டுப் போலீசா இருக்கும்" என்று இன்னொருத்தியே அதற்குப் பதிலும் சொல்லிவிட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

எங்கள் கூட்டத்தில் ஒரு தையல் அக்கா உண்டு. சர்க்கரை வியாதி. அவர் யாரிடமும் சொல்லாமல் அந்தப் போலீஸ்காரருக்காக மூன்று நாள் காலை உபவாசம் எடுத்திருக்கிறார். மூன்றாம் நாள் தையல் மெஷின் மேலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டார். இதைக் கேள்விப்பட்ட அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை வரை கர்த்தர் என்னை விடவில்லை. திங்கட்கிழமை சாயங்காலமே செயலாளர் அக்காவும் தையல் அக்காவும் என் வீட்டுக்காரரின் ஆபரேஷன் செய்த முட்டைப் பார்த்து விசாரிக்க வந்துவிட்டார்கள். நான் காப்பி போட்டுத் தட்டோடு திரும்புகிறேன். டிவியில் அந்த அதிகாரி, தொப்பியும் தோளில் கட்டுமாக, பழையபடி அதே கேட்டில் நிற்கிறார். மகள் அமுக்கி நிறுத்திவிட்டு வந்தவர்களுக்குக் கதை சொல்கிறாள்.

"இந்த ஆளு போலீஸ், ஆண்ட்டி. அப்பன்கூட மிண்ட மாட்டான். போன வாரம் தோளுல குண்டு பட்டுது."

செயலாளர் அக்கா டிவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இது எந்த ஸ்டேஷன், மோளே?"

"அமெரிக்கா, ஆண்ட்டி."

அக்கா தையல் அக்காவின் பக்கம் திரும்பி, "பொன்முடிக்கு அந்தப் பக்கந்தான்" என்றார்.

எனக்கு அப்படியே தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. காப்பித் தட்டை வைத்துவிட்டு, "மன்னிச்சுக்கிடுங்க அக்கா, நான் பொய் சொல்லிட்டேன்" என்று அழுதுவிட்டேன்.

தையல் அக்கா டிவிப் பக்கம் திரும்பினார். "எளா, நான் மூணு நாளு காலத்த கஞ்சி குடிக்காம மெஷின்ல சாஞ்சு விழுந்தது இவனுக்கா? இவனுக்க தொப்பியப் பாரு" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரரும் சிரிக்கவில்லை.

"என்ன சொல்லி ஜெபிச்சிய?" என்று அவர் தையல் அக்காவிடம் கேட்டார்.

"அவரு தகப்பன் வீட்டுப் படி ஏறணும்னு."

அவர் திரும்பி டிவியில் நின்ற அந்தக் கேட்டைப் பார்த்தார். செயலாளர் அக்காவுக்கு அப்போதே பாதி புரிந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் எத்தனை பேர் முகத்தைப் பார்த்தவர். ஒரு கேள்வியும் கேட்காமல் காப்பியைக் குடித்தார்.

என் வீட்டுக்காரர் மகளிடம் கேட்டார், "இவன் உள்ள போவானா?"

"இப்பப் போக மாட்டான், அப்பா. இன்னும் ரெண்டு சீசன் இருக்கு."

"அவனுக்கு ரெண்டு சீசன் இருக்கு" என்றார் அவர். பிறகு என் பக்கம் திரும்பி, "சனிக்கிழமை மொத பஸ்ஸு எத்தனை மணிக்குன்னு கேளு" என்றார்.

அன்றைக்குத்தான் மகளுக்கு எல்லாவற்றையும் சொன்னோம், அந்த இரண்டு அக்காமாரையும் வைத்துக்கொண்டே. நாலு வீடு தாண்டும் என்று நான் பயந்த பேச்சு அந்த அறையை விட்டு வெளியே போகவில்லை.

சனிக்கிழமை மூன்று பேரும் போனோம். பொன்முடிக்கு பஸ் குறைவு. விட்டால் அடுத்ததற்குக் காத்துக் கிடக்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் அவர் முட்டைப் பிடித்துக்கொண்டார். லயத்து வாசலில் போய் நின்றபோது அந்த அதிகாரியைப் போலவே நிலையில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். இருபது வருஷமாக இந்தப் பக்கம் திரும்பாத கால். நான் மனதுக்குள் ஜெபித்தேன். இந்தத் தடவை பெயரைச் சொல்லி ஜெபித்தேன். ஊன்றுகோலை முதலில் உள்ளே வைத்தார். பிறகு காலை வைத்தார்.

கட்டிலில் ஒரு பிடி எலும்பாகக் கிடந்தவர் கண் திறந்தார்.

"ஆரு?"

"நான்தான்."

"ஏன் நொண்டுத?"

"முட்டு ஆபரேஷன்."

"தரையில இருந்து இருந்து தேஞ்சு போச்சா? இரி."

அந்த அறையில் நாற்காலி இல்லை. முட்டை மடக்கிக் கீழே உட்கார இவரால் முடியாது. அதனால் கட்டிலிலேயே, தகப்பனை ஒட்டி உட்கார வேண்டியதாயிற்று. முட்டு நன்றாக இருந்திருந்தால் இவர் சுவரோரம் தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். அந்த வலிக்காகவும் நான் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன்.

மாமனார் என்னைப் பார்த்தார். "மகளே, அன்னைக்கு இருந்தது எனக்க பானை. இவன் தொட்டதுகூட இல்ல. நான் வாயத் தொறக்கல."

"தெரியும்ப்பா. அவளுக்கும் தெரியும்" என்றார் இவர்.

"நீங்க தெரிஞ்சு வச்சிருக்கது வேற. நான் சொல்லணும்லா."

இவர் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிமெண்டு வெடித்துக் கிடந்தது. "முட்டு சரியானதும் வந்து இதப் போட்டுத் தாரேன்" என்றார். கிழவர் தலையை ஆட்டினார். கைகள் எப்போது பிடித்துக்கொண்டன என்று நான் பார்க்கவில்லை.

அதன் பிறகு மாமனார் ஏழு வாரம் இருந்தார். ஏழு சனிக்கிழமையும் போனோம். தரை போட முடியவில்லை. அதில் இவருக்கு இன்றைக்கும் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அடக்கத்தன்று மகன் என்ற இடத்தில் நின்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கினார். எனக்கு அது போதும்.

நாங்கள் முதல் தடவை போய் வந்த பிறகு வந்த வியாழக்கிழமை செயலாளர் அக்கா நோட்டைத் திறந்தார். போலீஸ்காரர் என்று எழுதியதை அடித்துவிட்டு எங்கள் வீட்டுக்காரர் பெயரை எழுதச் சொன்னேன். "அது கெடக்கட்டும். கர்த்தருக்கு ஆளு தெரிஞ்சிருக்கு" என்று, பக்கத்தில் பதில் கிடைத்தது என்று எழுதிக் கோடு போட்டார்.

பிறகு எப்படியோ போலீஸ்காரர் கதை மட்டும் வெளியே போய்விட்டது. போன வருஷம் ஒரு கூட்டத்தில் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் இதைச் சொன்னார். குண்டு பட்ட ஒரு போலீஸ்காரருக்காகத் திருவனந்தபுரத்துப் பெண்கள் ஜெபித்தார்களாம், தோளிலிருந்த குண்டு தானாக வெளியே விழுந்ததாம். ஜனங்கள் கை தட்டினார்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து சொன்னேன். "என்னயும் போலீஸ்ல சேத்துட்டாங்களா" என்று இவர் வெகுநேரம் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுத்தான் எழுதச் சொன்னார்.

அதனால் வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை யாருக்காவது சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல்லுங்கள். ஆனால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். குண்டு எதுவும் விழவில்லை. என் மாமனார் சாராயம் வடித்தார், என் வீட்டுக்காரர் இருபது வருஷம் வைராக்கியமாக இருந்தார், நான் ஜெபத்தில் பொய் சொன்னேன், தையல் அக்கா வயிற்றைக் காயப்போட்டார். இவ்வளவையும் வைத்துக்கொண்டுதான் கர்த்தர் ஒரு மனுஷனைப் படி ஏற வைத்தார். இதில் ஒன்றைக் குறைத்தாலும் அது எங்கள் வீட்டுக் கதை அல்ல. ஒரு தடவை நான் மாற்றிச் சொல்லிப் பட்டது போதும். நீங்கள் மாற்றாமல் சொல்லுங்கள்.